பெட்டியில் இல்லாத லயம்

பறந்துகொண்டே பொத்தான்களை நோண்டுகிற விமானிகளைக் கண்டால் அழகருக்குக் குமட்டிக்கொண்டு வரும். சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பறக்கும் ஒரு ஹெலிகொப்டர் கம்பெனியில் பதினான்கு வருடமாக மெக்கானிக். விமானியின் முன்னால் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டி அவன் பொறுப்பு. இறங்கும் இடங்களை எல்லாம் அதில் பதிந்து வைத்தவனும் அவன்தான்.

புதிதாக வரும் விமானிகளுக்கு அவனுடைய வசவுதான் முதல் பாடம். "போற எடத்தத் தரையில வச்சே போட்டுக்கங்க. போட்டத வரைபடத்தோட ஒத்துப் பாருங்க. மேல போனப்புறம் பெட்டிய ஒரு பார்வ, வெளிய பத்துப் பார்வ. நேராப் போன்னு அமுக்கினா அது பாட்டுக்கு நேர்கோடு போட்டுரும். நடுவுல மலை நின்னா அதுக்கென்ன? சாகப்போறது நீங்க!" ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நமக்குச் சொல்லித் தருகிறானா என்று ஒன்றிரண்டு பேர் இளிப்பார்கள். அழகர் காறித் துப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

அந்தக் கார்த்திகை மழையில் பெரகலப் பக்கம் மண் சரிந்து பாதை போய்விட்டது. லயத்திலிருந்து தங்கச்சி நிஷாந்தினி அழைத்தாள். நிறைமாதம். "அண்ணே, பன்னீர்க்குடம் ஒடஞ்சிருச்சு. கீழ எறங்க வழியே இல்லண்ணே." மீட்பு வேலைக்குப் புறப்பட்ட கம்பெனி ஹெலிகொப்டரில் அழகர் விமானிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

"தோட்டத்தின்ர பெயரைப் போடும், அழகர்," என்றார் கப்டன் சேந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அழகர் அமுக்கினான். வரைபடத்தை விரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஓதினவன், தன் முறை வந்தபோது மறந்துபோனான். தோட்டம் என்றால் அவனுக்கு லயம்தான், வேறென்ன?

மேகம் கலைந்தபோது கீழே தெரிந்தது தோட்டத்தின் பழைய துரை பங்களா. இப்போது ஹோட்டல். புல்தரையில் இறங்கியதும் மேனேஜர் கஜேந்திரன் குடையோடு ஓடி வந்தான்.

"சொல்லிட்டு வரக்கூடாதா? புல்லு போன வாரந்தான் பதிச்சோம்! கெஸ்ட் எத்தன பேரு?"

அழகர் அந்தப் புல்லிலேயே காறித் துப்பினான். லயம் ஓடைக்கு அந்தப் பக்கம். பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

"லயத்தின்ர இடம் பெட்டியில இல்லையோ?" என்றார் சேந்தன்.

"இல்ல சேர்."

"ஆர் இதைப் பதிஞ்சது?"

யார் பதிந்தது? அவனே பதிந்தது! காசுக்காரன் கால் நீட்டித் தேத்தண்ணி குடிக்கிற புல்தரைகளை எல்லாம் தேடித் தேடிப் பதிந்தவன், தான் பிறந்த லயத்தைப் பதியவில்லை. யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கஜேந்திரனைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது தன்மேலேயே வந்தது.

மேலே மறுபடி மேகம் மூடிக்கொண்டு வந்தது. "ஒருக்காத்தான் முயற்சி செய்யலாம். பிறகு எண்ணெய் காணாது," என்றார் சேந்தன்.

"பெட்டிய விடுங்க சேர், வெளிய பாருங்க. அந்தா, பெக்டரித் தகரம். அதுக்கு எடது பக்கமா ஓடையப் புடிச்சு மேல போங்க. ரெண்டு சவுக்கு மரம் வரும். அது தாண்டினா பெரட்டுக்களம். தட்டையான எடம், கம்பி ஒண்ணும் கெடையாது."

காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற களம் அது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற இடம். சேந்தன் பூப்போல இறக்கினார். நாலு பேர் நிஷாந்தினியைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் இறக்கிக் கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்," என்றாள் தாதி.

மறுநாள் அழகர் பார்க்கப் போனபோது, நிஷாந்தினி பக்கத்துக் கட்டில்காரியிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவருதான் எங்கண்ணன்! எங்க லயத்த எப்பவோ அந்த மெஷின்ல பதிஞ்சு வச்சிருக்காரு. பொறந்த எடத்த மறக்காத மனுசன். இல்லாட்டி அந்த மேகத்துக்குள்ள யாருக்கு வழி தெரியும்? அப்படித்தானேண்ணே?"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டில்காரி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆமா," என்றான் அழகர். பிறகு வாய் கழுவக் குழாயைத் தேடிப் போனான்.