வீட்டுக்கு ஒரு ஆள்

நூற்று எண்பத்தெட்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு. கூட்டம் கூடாதே என்று கலெக்டர் தடை போட்டிருக்கும்போது நாலு பேர் ஒரு கொடியோடு நின்றால், அவர்கள் மேல் எழுதப்படுவது இதுதான். கொலை இல்லை, களவு இல்லை. வெயிலில் நின்ற குற்றம். எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமையாவுக்கு அந்த எண் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி. மன்னார்குடிப் பக்கம் வயல் கூலிக்கு நின்றவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அண்ணன் பன்னீர்செல்வத்தோடு வளைகுடாவுக்கு வந்து விமான நிலையத்தில் லோடராகச் சேர்ந்தார். விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நுழைய வேண்டும், குனிந்தே பெட்டிகளை அடுக்க வேண்டும், குனிந்தே வெளியே வர வேண்டும். ஆகஸ்டில் உள்ளே தகரம் கொதிக்கும். ஷிஃப்ட் முடிந்து, குதைபியா என்ற பேட்டையில் இருந்த ரூமுக்கு வந்தால் முதுகு நிமிர வெகுநேரம் ஆகும்.

அண்ணன் தம்பிக்கு ஒரே கேங், ஒரே ரூம், ஒரே சட்டிச் சோறு. வேலையில் அவர்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. பெட்டியைத் தூக்கியதும் பன்னீர்செல்வம் எடையைச் சொல்வார். கைப்பிடியில் கட்டிய சீட்டில் பேனாவால் எழுதியிருப்பதை ராமையா புரட்டிப் பார்ப்பார். அண்ணன் அதிகம் தவறமாட்டார்.

எழுபத்தாறில் புதுச் சட்டம் வந்தது. அங்கங்கே விமானத்தைக் கடத்திக்கொண்டிருந்த காலம். எல்லா அரசாங்கத்துக்கும் பயம். விமானத்தின் பக்கத்தில் போகிற ஒவ்வொரு ஆளும் சொந்த ஊர் போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கித் தர வேண்டும். கோர்ட்டில் தண்டனை பெற்றவனுக்கு விமான நிலையத்துக்குள் நுழைகிற பாஸ் கிடையாது. என்ன குற்றம், எதற்காகச் செய்தான் என்ற கேள்வியே அந்தச் சட்டத்தில் இல்லை. பாஸ் போனால் வேலை போச்சு, வேலை போனால் விசா போச்சு. பயந்தவர்கள் மேலே இருந்தார்கள். சோதனை கீழே வந்தது.

ரூமில் இதைக் கேட்டு கலீலுர் ரஹ்மான் சிரித்தார். அவர் விமானங்களுக்குச் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவர்.

"நம்ம பன்னீரண்ணன் பிளேனைக் கடத்துனா எங்கே கொண்டுபோவாரு? நேரா மன்னார்குடியில எறக்குவாரு."

"எறக்குன பெறகு மூட்டையையும் நான்தானே பாய் எறக்கணும்," என்றார் பன்னீர்செல்வம்.

சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. கம்பெனி ஆபீஸில் கல்யாணசுந்தரம் இருவரையும் கூப்பிட்டார். மெட்ராஸ்காரர், பாஸ் விஷயமெல்லாம் அவர் மேசையில்தான்.

"ராமையா, உன்னுது கிளீன். பன்னீரு, உனக்கு ஒண்ணு இருக்கேப்பா. எழுபத்தொண்ணுல, செக்‌ஷன் நூத்தி எண்பத்தெட்டு. பதினஞ்சு நாள் திருச்சி ஜெயில். சொல்லவே இல்லையே நீ?"

பன்னீர்செல்வம் காகிதத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை.

"ஆமா சார்," என்றார்.

திருச்சி ஜெயிலை அவர் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. உள்ளே இருந்தது ராமையா.

அறுவடைக் கூலிக்காக நடந்த மறியல் அது. சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் என்று வழக்கம். யார் யார் கைதாவார்கள் என்று முந்தின நாளே இன்ஸ்பெக்டரிடம் பெயர் கொடுத்துவிடுவார்கள். வேன் ஏற்பாடு செய்ய அவருக்கும் அது வசதி. பன்னீர்செல்வத்தின் பெயர் போயிருந்தது. விடியும்போது அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ராமையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பன்னீர்செல்வம் என்று கூப்பிட்டதும் கையைத் தூக்கினார். மாஜிஸ்திரேட் முன்னாலும் அப்படியே. அதை ஊரில் யாரும் பொய்யாக எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்ட போலீஸ்காரருக்கே ஆளைத் தெரியும். வீட்டிலிருந்து ஆள் வந்தாச்சு, கணக்கு சரி. சங்கம் தலையை எண்ணியது, சர்க்கார் பெயரை எழுதியது.

ரூமுக்கு வந்ததும் ராமையா கேட்டார்.

"ஏண்ணே ஆமான்னு சொன்ன?"

"இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பான்."

"நான்தான்னு நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்."

"சோத்தைத் தின்னு."

மறுநாள் ராமையா போய்ச் சொன்னார். கல்யாணசுந்தரம் கதவைச் சாத்திவிட்டு முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? உங்கண்ணன் பேப்பர் மாறாது. அதை மாத்த ஊர்க் கோர்ட்டுக்குப் போகணும், உன் பேரன் காலத்துல தீர்ப்பு வரும். உனக்கு ஆள் மாறாட்டம்னு புதுசா ஒரு கேஸ். ரெண்டு பேரும் ஒரே பிளேன்ல போவீங்க. எழுதட்டுமா?"

ராமையா நின்றார்.

"கேக்குறேன்ல? எழுதட்டுமா?"

"அவரு ஒண்ணுமே செய்யல சார்."

"நீ மட்டும் என்னப்பா செஞ்சுட்ட? டூட்டியப் போய்ப் பாரு."

ராமையா டூட்டியைப் பார்க்கப் போனார். எழுதுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை. சொல்லாததுதான் பதிலாகிவிட்டது என்று பாதி வழியில் புரிந்தது. திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் பன்னீர்செல்வம் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன். எழுதட்டுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

ராமையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னீர்செல்வம் தலையாட்டினார்.

"சரி விடு. அன்னிக்கு எம்பேருக்கு நீ போன. இன்னிக்கு உனக்காவ நான் போறேன். வீட்டுக்கு ஒரு ஆள் போதும்டா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பெரிய பாசமும் இல்லை. ஷிஃப்ட் முடிந்தவன் பேசுகிற குரல்.

"அண்ணி கேப்பாங்களே?"

"வந்துட்டேன்னு சொல்லுவேன்."

வியாழக்கிழமை மத்தியானம் பம்பாய் விமானம். ராமையாவின் கேங்தான் ஏற்றியது. அண்ணனின் நீலத் தகரப்பெட்டி, கயிறு கட்டியது, வரிசையில் வந்தது. மூடியில் வெள்ளை பெயிண்டில் பன்னீர்செல்வம் என்று எழுதியிருந்தது. ராமையா தூக்கினார். தோளில் இழுத்தது.

"இருபது," என்றார், பழக்கத்தில்.

சீட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அவரே புரட்டிப் பார்த்தார்.

பதினொரு கிலோ.