தெற்கெல்லையில் ஒரு பெயர்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய எழுபதுகளில், பத்திர ஆபீஸ் வாசலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் பிழைத்தவர் அவர். காதில் கடுக்கன் இல்லாத ஓட்டை. நிலத்தின் நான்கு எல்லைகளையும் உரக்கப் படித்த பிறகே பேனாவைத் திறப்பார்.

அப்பாவின் நிலத்தை நான் விற்ற அன்று, தெற்கெல்லையில் இருந்த பெயரைப் படித்ததும் நின்றுவிட்டார்.

“எங்க தாத்தா பேரு. நைனா பாதி வித்தாரு, மிச்சத்த நான் வித்தேன். பழசப் பாத்தே எழுதிக்கினு கீறாங்க; பத்திரத்துல மட்டும் இன்னும் அவரு நெலம்தான்.”

“நான் பையனுக்குன்னு பேங்க்ல போட்டு வைக்கப் போறேன்” என்றேன், கொஞ்சம் திமிராகவே.

“பையன் கையெழுத்து நல்லா போடுவானா?” என்று கேட்டுக்கொண்டே சாட்சி போட்டார். “இங்க ஆளு எப்பவும் வேணும்.”

சாபமா, அக்கறையா, இன்றும் தெரியவில்லை. பேங்க் பணம் தீர்ந்துவிட்டது. பையனின் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.