டவுசருக்குள் ஒரு கண்ணாடிக் குச்சி

விஞ்ஞானத்துக்கு நான் செய்த ஒரே சேவை, ஒன்பதாவது வயதில் அதன் சொத்திலிருந்து ஒரு சாண் நீளத்தைத் திருடியதுதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விட்டபாடில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் மழை என்றால் பாதி நெசவு வேலை நின்றுபோகும். தறியில் ஏற்றும் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கத் தெரு வேண்டும், வெயிலும் வேண்டும். தெரு தண்ணீருக்குள் கிடந்தது. வெயில் எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தறியில் நெய்து முடித்த சேலையை அறுத்தெடுத்துவிட்டு, அடுத்த பாவுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும் அப்பா எங்களுக்குப் புதியவர். முறுக்கு கேட்டால் வாங்கிக் கொடுத்தார்.

சமயம் பார்த்து அக்கா ஒரு நோட்டீஸை நீட்டினாள். பட்டணத்தில் ஒரு பல்கலைக்கழகம் மூன்று நாளைக்குத் தன் ஆய்வுக்கூடங்களைத் திறந்துவைக்கிறதாம். விஞ்ஞான விழா. யாரும் வரலாம், அனுமதி இலவசம். அந்தக் கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்து நீட்டினாள். அக்கா கெட்டிக்காரி.

அவள் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்காருவதாக ஏற்பாடு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரே ஆளால் நெய்ய முடியாது. கரைக்கான நூலோடும் நாடாக் கட்டையை எறிந்து வாங்க, பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். கோர்வைக்கு உட்காருவது என்போம். ஐந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் பின்னாலும் அக்காதான் உட்கார்ந்தாள். காலேஜ் என்று அவள் வாயெடுத்தால் அப்பாவிடம் ஒரே கேள்விதான்.

"நீ போயிட்டா கோர்வைக்கு யாரும்மா உக்கார்றது?"

வீட்டில் நான் ஒருவன் இருந்தேன். ஆனால் என் புகழ் அப்படி. ஒரே ஒரு நாள் என்னை உட்காரவைத்ததில் கரை சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து, நெய்த ஒரு சாண் துணியைப் பிரிக்க அப்பாவுக்கு அரை நாள் பிடித்தது. "இவன தறிகிட்டயே விடாதீங்க" என்று உத்தரவு போட்டார். அதை ஒரு விருதாக ஏற்றுக்கொண்டு கோலி விளையாடப் போய்விட்டேன்.

வயசுப் பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது என்பதால் அப்பா கிளம்பினார். விட்டுப்போனால் வீடு இரண்டாகும் என்பதால் நானும் கிளம்பினேன்.

பல்கலைக்கழகத்தில் பிரகாரம் சுற்றுவதைப் போலக் கூட்டம் ஒவ்வொரு அறையாகச் சுற்றியது. நின்றுகொண்டிருந்த எலும்புக்கூட்டுக்கு நான் மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தேன். அதையும் தாண்டி ஓர் அறையில், சுருட்டை முடி மாணவர் ஒருவர் கையில் கண்ணாடிக் குச்சியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இதைப் பட்டுத் துணியால தேய்ச்சா மின்சாரம் உண்டாகும். இந்தக் காகிதத் துண்டெல்லாம் துள்ளி வந்து ஒட்டிக்கும், பாருங்க."

தேய்த்தார். பார்த்தோம். காகிதங்கள் படுத்தபடியே இருந்தன. இன்னும் வேகமாகத் தேய்த்தார். அவருக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

"பேப்பருக்கு இன்னிக்கு லீவு போலகீதுபா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதுவரை கோயிலுக்கு வந்தவர் மாதிரி ஒடுங்கி நின்ற அப்பா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். அந்தத் துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. இது பட்டு இல்ல."

"சில்க்குன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க ஐயா."

"சொல்லுவாங்கபா. சொல்றதுக்கு இன்னா."

ஓர் இழையை உருவி, தீப்பெட்டி கேட்டு வாங்கிக் கொளுத்தினார். "காயிதம் கருகற வாசன வருது பாரு. பட்டுன்னா மயிர் கருகற வாசன வரணும்." ஒப்பிட்டுக் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று அவர் கண் என் தலைப்பக்கம் திரும்பியது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

பிறகு இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்தார். தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டில் அம்மா தைத்தது. வெற்றிலையையும் பாக்கையும் என் கையில் கொட்டிவிட்டு, "இது காஞ்சிபுரம் பட்டு, என் கையால நெய்ஞ்சது. இதால தேய்" என்றார்.

மாணவர் தேய்த்தார். காகிதங்கள் அசையவில்லை.

"காஞ்சிபுரமும் லீவுதாம்பா" என்றது அதே குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் காதுமடல் சிவந்துபோனது. அந்த நெருக்கடியில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெல்ல நகர்ந்து பக்கத்துக் குடும்பத்தின் பிள்ளையைப் போல நின்றுகொண்டேன். நின்ற இடத்தில் மேஜை ஓரமாக உபரிக் குச்சிகள் கிடந்தன. ஒன்று என் டவுசர் பைக்குள் போனது.

அப்போதுதான் அக்கா பேசினாள். கூட்டத்துக்கு இல்லை, அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி.

"அப்பா, கோடையில நம்ம தறியில இழை பறந்து பறந்து கையில ஒட்டிக்கினு படுத்துதே. நீகூட தண்ணி தெளிக்கச் சொல்லுவியே?"

"ஆமா, அதுக்கு இன்னா இப்ப?"

"மழையில ஒட்டறதே இல்லயேப்பா. ஈரம் பட்டா அந்த மின்சாரம் நிக்காது போலகீது. குச்சியும் துணியும் காஞ்சா வரும்."

எதிரில் நின்ற மாணவர் காதிலும் அது விழுந்தது; அவளை ஒரு கணம் பார்த்தார். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். குச்சியை அனலில் காட்டினார். பையையும் எட்டப் பிடித்துக் காட்டினார். அறை முழுக்க வெற்றிலை மணத்தது. தேய்த்துவிட்டுக் குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும், காகிதங்கள் சட்டியில் பொரி துள்ளுவதைப் போலத் துள்ளி ஏறின. லீவு விட்ட ஆள்தான் முதலில் கைதட்டினார்.

"எந்த காலேஜ்மா நீ?" என்றார் மாணவர்.

"ஸ்கூல்தாங்க."

"அடுத்த வருஷம்?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என் உள்ளங்கையிலிருந்த பாக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நிதானமாக அவர் பாக்குப் பொறுக்கி நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் விதி விளையாடியது. டவுசர் பையில் ஓட்டை. குச்சி தொடைக்கு இறங்கி, காலை மடக்க முடியாமல் செய்துவிட்டது.

"இன்னாடா காலுக்கு?"

"சுளுக்குப்பா."

அப்பா கையைவிட்டுச் சுளுக்கை வெளியே எடுத்தார். குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, நோட்டீஸை மடியில் வைத்தபடி ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிய அக்காவை வெகுநேரம் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. குச்சியைத் துண்டில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் குற்றம் எவ்வளவு பெரியது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்டனை, வெயில் வந்து பாவு காய்ந்து தறி ஏறிய அன்று வந்தது.

"டேய், வா. இங்க உக்காரு."

அக்காவின் இடம். அவள் பின்னால் நின்று என் கையைப் பிடித்து நாடாவை எறியவைத்தாள். கரை வழக்கம்போல நெளிந்தது. அப்பா பிரித்தார். "மறுபடி போடு" என்றார். மறுநாளும் பிரித்தார், மறுபடியும் அதையே சொன்னார். காலையில், சாயங்காலத்தில், பொங்கல் கழிந்தும், மாசி கழிந்தும். மாங்காய் திருடியவனுக்கே இரண்டு அறைதான். ஒரு கண்ணாடிக் குச்சிக்கு இத்தனை மாதமா? விஞ்ஞானம் ரொம்பத் துடியான சாமி போல என்று பயந்து, கோலிக்குக் கூப்பிட்ட பையன்களிடம் "என்மேல கேஸ் நடக்குதுடா" என்று சொல்லியனுப்பினேன்.

பங்குனியில் ஒரு நாள் கரை நேராக ஓடியது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் அக்கா தகரப் பெட்டியோடு பட்டணத்துக் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா தன் வெற்றிலைப் பையில் அந்தக் குச்சியைச் சுற்றி அவளிடம் கொடுத்தார். "அந்த யுனிவர்சிட்டி பக்கம் போவசொல்ல குடுத்துடும்மா. குச்சிய மட்டும். பை உங்கிட்டயே இருக்கட்டும்."

ஜன்னல் வழியே அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் உற்சாகமாகக் கையாட்டினேன். திருட்டுச் சாமான் உரியவர் கைக்குப் போகிறது, என் தண்டனை இன்றோடு தீர்ந்தது, நாளைக்குக் கோலி விளையாடலாம் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன்.