குழாய்க்குள் இரண்டு கண்கள்

களிமண் பிள்ளையாரை ஏரிக்குச் சுமக்கச் சோம்பி, வருடாவருடம் வாளியில் கரைத்துக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றியவன் நான். எழுதவே கூசுகிறது.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டபோது, பக்கத்து வீட்டுச் செல்வியின் வேப்பமர வேர்தான் காரணம், மரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"மொதல்ல கேமரா வுட்டுப் பாருங்க சார். வேரு இருந்தா நானே வெட்டிடறேன்" என்றார் செல்வி.

குழாய்க்குள் கேமரா போனது. வேரின் இழைகூட இல்லை. இறுகிய களிமண்ணில் பதிந்திருந்த இரண்டு குன்றிமணிக் கண்கள் திரையிலிருந்து என்னைப் பார்த்தன.

மரம் பிழைத்தது. இப்போதெல்லாம் மழையே கொட்டினாலும் பிள்ளையாரை ஏரிக்கு நானேதான் கொண்டுபோகிறேன். சென்ற முறை வாசலில் பார்த்த செல்வி சொன்னார்: "என் மரத்தையே மொறைச்சிக்கினு இருந்தீங்களே சார். பிள்ளையாருக்காவது கண்ணு இருந்துச்சு."