லேசர் அறையில் என் முறை

நான் வேலை பார்த்த அறைக்குள் யாரும் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது. பிச்சிப்பூ, பவுடர், கண்மை, வளைகுடாவிலிருந்து வந்த செண்ட், நான்குமே கூடாது. எங்கள் மாவட்டத்தில் நல்ல காரியத்துக்குப் புறப்படும் பெண் இவற்றில் குறைந்தது இரண்டு இல்லாமல் வீட்டுப்படி இறங்கமாட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எறியப்போகிறோம் என்றால் அதுவும் நல்ல காரியம்தான். ஆகவே குடும்பத்தோடு மணக்க மணக்க வருவார்கள். வாசனையின் ஆவி காற்றில் கலந்தால் லேசரின் பலம் மாறிவிடும் என்று சொல்லி, வாசலிலேயே பூவை எடுக்கவைத்து முகம் கழுவ அனுப்புவேன். "பூவ எடுக்கச் சொல்லுததுக்கு இது என்ன எழவு வீடா?" என்று ஒரு மாமியார் கேட்டார். அவரிடமும் பூவை வாங்கிவைத்துவிட்டுத்தான் மருமகளை உள்ளே விட்டேன்.

இது 2010-ஐ ஒட்டிய வருடங்களில். குளச்சலில் எங்கள் தெருவிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண் நான். மருத்துவக் கருவிகளைப் பற்றிய படிப்பு. முடித்ததும் நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனையில், கண்ணின் பவரைச் சரிசெய்யும் லேசர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒரு கட்டில், அதன்மேல் குனிந்து நிற்கும் கனமான கை, அதன் முனையில் மைக்ரோஸ்கோப், உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வாயு சிலிண்டரும் வரிசையாகக் கண்ணாடிகளும். அறுவை செய்வது டாக்டர் மேடம். ஆனால் அன்றைக்கு அந்த மெஷின் மனிதக் கண்ணைத் தொடலாமா என்று சொல்வது நாங்கள். அந்தப் பொறுப்பைப் பற்றி எனக்கு அன்றும் கர்வம் உண்டு, இன்றும் உண்டு.

நாங்கள் என்றால் நானும் இன்னொருத்தியும். என் வயதுதான், கோட்டாறு பள்ளிவாசல் பக்கத்தில் வீடு, எனக்கு ஒரு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள். இங்கே கோட்டாற்றுக்காரி என்றே சொல்கிறேன். அறைக்கான விதிகளை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். குளிர் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு, வாயுவின் அழுத்தம் எவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தகடு. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் சிறிய பிளாஸ்டிக் தகட்டில் லேசரைச் சுட்டு, அது செதுக்கிய ஆழத்தை அளக்க வேண்டும். ஆழம் குறைந்தால் இன்னொரு தகடு. அதிலும் குறைந்தால் அன்றைக்கு அறை மூடப்படும். மூன்றாவது தகடு கிடையாது. திரும்பத் திரும்பச் சுட்டால் ஏதாவதொரு முறை சரியாக வந்துவிடும், அதை நம்பி ஒருவர் கண்ணில் கைவைக்க முடியாது என்பதால் அந்த விதி. நான்தான் அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன். மஸ்கட் திரும்ப வேண்டிய ஒருவர் விமான டிக்கெட்டைக் காட்டிக் கெஞ்சியபோதும் அறையை மூடியவள் நான்.

இவ்வளவும் செய்தவள் மூக்கில் தடித்த கண்ணாடி. பவர் மைனஸ் ஏழு. நோயாளிகளுடன் வருபவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு மெஷினைப் பார்ப்பார்கள், பிறகு அந்தக் கேள்வி வரும். "இது இவ்வளவு நல்லதுன்னா நீ ஏன் மக்கா செய்யல?" பவர் மாறாமல் நிற்க வேண்டும் என்பேன். அது உண்மை. கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கருவிழிப் படலம் போதிய தடிமன் இருக்க வேண்டும் என்பேன். அதுவும் உண்மை. என் பவர் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, தடிமனும் தாராளமாக இருந்தது. சொல்லாமல் விட்ட காரணம் என் அம்மா.

அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தார். போனில் கேட்டால், "அம்மைக்குச் சரின்னா செய்" என்பார். அம்மாவுக்குச் சரியில்லை. "ஆண்டவரு தந்த கண்ண ஆயுதம் வச்சு கீறணுமா? கண்ணாடி போட்டா தெரியத்தானே செய்யுது?" என்று கேட்பாள். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வரும் பஸ்ஸின் போர்டு மட்டுமல்ல, பஸ்ஸே கலங்கல்தான் என்று விளக்கினேன். மழையில் அந்தக் கண்ணாடியோடு நடப்பதை விளக்கினேன். கடைசியில் அம்மா எங்கள் கடற்கரைக்காரர்கள் செய்வதைச் செய்தாள். இரண்டு துண்டுக் காகிதத்தில் 'செய்யலாம்', 'வேண்டாம்' என்று என்னையே எழுதவைத்து, மடித்து, கோயில் பீடத்தின் முன் வைத்து ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தாள். திருவுளச்சீட்டு. கடவுள் பதில் சொல்லும் முறை.

'வேண்டாம்' வந்தது.

"இன்னொருக்கா எடும்மா" என்றேன்.

"ஆண்டவரு என்ன மீன் ஏலம் விடுதாரா, கூட்டிக் கேக்க?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

ஒரு வருடம் அந்தப் பேச்சே இல்லை. அடுத்த திருவிழா முடிந்த மறுநாள் அம்மாவே காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். இந்த முறை 'செய்யலாம்' வந்தது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் வாக்கு மாறவில்லை. "செய்யி. நானும் கூட வருவேன். அன்னைக்கு ஏதாவது தடங்கல் வந்துது, பின்ன இந்தப் பேச்சு எடுக்கப்பிடாது" என்றாள். நான் சரி என்றேன். தடங்கல் வராமல் பார்த்துக்கொள்வதுதானே என் தொழில்.

அந்த நாளில் பட்டியலில் நான் மூன்றாவது ஆள். காலைத் தகடு சரியாக இருந்தது. முதல் இருவருக்கும் முன்னால் எடுத்த தகடுகளும் சரியாக இருந்தன, அவர்களுக்கு அறுவை நல்லபடி முடிந்தது. வெளியே மழை. நான் கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பச்சை அங்கியும் தலைக்குத் தொப்பியும் போட்டு, நானே துடைத்துச் சுத்தம் செய்யும் கட்டிலில் ஏறிப் படுத்தேன். மரத்துப்போகும் சொட்டுமருந்து விழுந்தது. மெஷினின் கையை ஒதுக்கிவிட்டுக் கோட்டாற்றுக்காரி தகட்டில் சுட்டாள். டக்டக்கென்று அந்தச் சத்தம். அளக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தது. இன்னொரு தகட்டை வைத்து மறுபடி சுட்டாள். மறுபடி அளந்தாள்.

"மேடம், குறையுது" என்றாள்.

டாக்டர் எவ்வளவு என்று கேட்க, அவள் எண்ணைச் சொன்னாள். மிகச் சிறிய குறை. படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, இன்னொரு தகடு போடு."

"ரெண்டு போட்டாச்சு."

"மூணாவது போட்டா என்ன இப்ப?"

"சுவத்தில ஒட்டியிருக்குல்லா. யாரு எழுதினது அது?"

"நான்தான்."

"அப்போ வாசிச்சுப் பாரு."

"கண்ணாடி இல்லாம எப்பிடிட்டி வாசிக்க?"

"வாசிக்க முடியலேன்னா நீ பேஷண்ட். இறங்கு."

முகமூடிக்குள் டாக்டர் சிரிப்பது கேட்டது. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அவ வேண்டாம்னா வேண்டாம்தான். உனக்காகன்னாலும் எனக்காகன்னாலும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்து, "வெளிய எங்கம்மை இருக்கு. இப்ப திரும்பிப் போனா பின்ன என்னைக்கும் கிடையாது கேட்டியா" என்றேன். சீட்டுக் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். "நான் பேசுதேன்" என்று சொல்லி வெளியே போனாள். நான் சுவரைத் தடவித் தடவிப் பின்னால் போனேன்.

அம்மா பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் ஒரு நீலப் புடவையின் கலங்கலாகத் தெரிந்தாள். முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"முடிஞ்சா?"

"இல்லம்மா. இன்னைக்கு வேண்டாம்னு நிறுத்திட்டேன்" என்றாள் கோட்டாற்றுக்காரி. "மெஷினுக்குப் பலம் கொஞ்சம் கொறவா இருக்கு."

"யாரு நிறுத்தினது? டாக்டரா?"

"நான்தான்."

"இவ என்ன சொன்னா?"

கோட்டாற்றுக்காரி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பரவால்ல, இன்னொருக்கா பாருன்னு சொன்னா. நான் விடல."

அந்த நிமிடம் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அம்மா எழுந்து நின்றாள். வசவு எனக்குத்தான் விழுந்தது. "படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது? கண்ணு உனக்கு வெளையாட்டுச் சாமானா? எங்கிட்ட சீட்ட இன்னொருக்கா எடுன்னா, இந்தப் பிள்ளைட்டயும் அதையே சொல்லுதா!" பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டாள். "அப்போ மக்கா, இது எப்ப சரியாவும்?"

"கம்பெனி ஆளு வந்து பாக்கணும்மா. சரியானதும் நானே விளிக்கேன்."

"எனக்கு விளி. இவளுக்கு விளிக்காத. நீ வான்னு சொன்னாத்தான் நான் இவளக் கூட்டிட்டு வருவேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுதூரம் வந்தபிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "தடங்கல் வந்தா பின்ன கிடையாதுன்னு சொன்னியே?"

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சீட்டு செய்யலாம்னுதானே வந்துது. இன்னைக்குன்னு வரலியே."

திருவனந்தபுரத்திலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் மெஷினைப் பிரித்தபோது, உள்ளே இருந்த கண்ணாடிகளில் ஒன்றில் மங்கல் படிந்திருந்தது தெரிந்தது. காலையில் தாக்குப்பிடிக்கும், சூடேறச் சூடேற ஒளி குறையும். மாற்றிவிட்டு அவர் போன பிறகும் கோட்டாற்றுக்காரி உடனே அம்மாவை அழைக்கவில்லை. பல நாள் தகடுகளைப் பார்த்தாள். நானும் கூடவே நின்று பார்த்தேன். ஒருநாள் மாலை வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா சொன்னாள். "அந்தப் பிள்ளை விளிச்சா. நாளைக்குப் போவோம்."

இந்த முறை முதல் தகடே சரியாக இருந்தது. இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பி கண்ணில் ஏறியது. உறிஞ்சும் வளையம் கண்ணைப் பற்றியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கிப் பார்வை முழுதாக அணைந்தது. "கொஞ்ச நேரம் இருட்டும், பயப்படாதீங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இருட்டு அவ்வளவு கறுப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இனி அந்த வாக்கியத்தைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன், பிறகு அப்படித்தான் செய்தும் வந்தேன்.

வெளிச்சம் திரும்பியது. டாக்டர் கருவிழியின் மேல்தோலை ஒரு பக்கமாகப் புரட்டியதும் மேலே இருந்த பச்சைப் புள்ளி தண்ணீருக்குள் விழுந்ததுபோல் பரவியது. லேசர் தொடங்கியது. முடி கருகுவதுபோன்ற வாடை. அதற்கிடையே கோட்டாற்றுக்காரியின் குரல், நோயாளிகளுக்கென்று அவள் வைத்திருக்கும் மரியாதைக் குரல். "பச்சை லைட்டையே பாருங்க. ரொம்ப நல்லா பாக்கிறீங்க. பாதி முடிஞ்சிட்டு. அசையாதீங்க." என்னை வாழ்நாளில் அன்றுதான் நீங்க என்றாள். சிரித்தால் தலை அசையும். பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைப் புள்ளியையே பார்த்தேன். எங்கள் அறை, எங்கள் விதி, எங்கள் மெஷின், இவள் குரல். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேறு எந்த ஊரில் எவ்வளவு பெரிய மருத்துவமனையானாலும் இப்படிப் படுத்திருக்கமாட்டேன் என்று அப்போது நினைத்தது நினைவிருக்கிறது.

இரண்டு கண்ணும் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் ஈரப்பதம் காட்டும் மானியைத்தான் பார்த்தேன். பால் கலந்த தண்ணீர் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் முள் தெரிந்தது. அறையின் அந்தக் கோடியில், கண்ணாடி இல்லாமல், முள் தெரிந்தது. "ஈரம் சரியாத்தான் இருக்கு" என்றேன். "நல்லவேளை, நீ சொன்னே" என்றாள் அவள், பழைய குரலில்.

அன்று இரவு கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது, நீர் வழிந்தது. அம்மா வெங்காயம் அரியவில்லை, மீன் பொரிக்கவில்லை. மறுநாள் காலை பரிசோதனைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு சிக்கல் இருந்தது. சுவரில் ஒளிரும் ஆங்கில எழுத்துப் பலகையைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே கடைசி வரியை ஒப்பிப்பேன். கோட்டாற்றுக்காரிக்கு அது தெரியும். "அதை இவ வாசிச்சா கணக்கில்ல" என்று சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பலகையை மாட்டி, எழுத்தைத் தொட்டுக்காட்டும் குச்சியை எடுத்தாள். அதில் மூன்று கால் உள்ள ஒரே எழுத்துதான் மேல், கீழ், இடம், வலம் என்று திரும்பித் திரும்பி நிற்கும், வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே போகும். கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். அந்தப் பலகையை எதிர்பார்த்து நான் வரவில்லை.

அம்மா எழுந்து வந்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. சிறுவயதிலிருந்து என்னை எத்தனை கண் டாக்டர்களிடம் கூட்டிப் போயிருக்கிறாள், நான் வாசித்தது சரியா தவறா என்று டாக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வாள். இந்தப் பலகைக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. "குச்சிய இஞ்ச தா மக்கா, நான் கேக்குதேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

"இது?"

கையை மேலே காட்டினேன்.

"இது?"

வலம். வரிசையாகக் கேட்கவில்லை. தாவித் தாவிக் கேட்டாள். கேட்டதையே திரும்பக் கேட்டுப் பார்த்தாள். "முன்ன வேற சொன்னல்லா?" என்று மிரட்டினாள். "ரெண்டு தடவையும் கீழதாம்மா சொன்னேன்" என்றேன். ஒருமுறை பலகையைப் பார்த்துவிட்டு, சரி என்று அடுத்த வரிக்கு இறங்கினாள்.

கடைசி வரி அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. குனிந்து, மூக்கு உரசும்படி பார்த்து, மனதில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று குச்சியை வைத்தாள். "இது?" காட்டினேன். மறுபடி குனிந்தாள். நிமிர்ந்தாள். "இது?" காட்டினேன். ஐந்து எழுத்துக்கும் ஐந்து முறை குனிந்து நிமிர்ந்தாள். கோட்டாற்றுக்காரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அம்மா குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் ஒக்க சரி. கடைசி வரி வரைக்கும்னு எழுதிக்க மக்கா. நான் பாத்தாச்சு."