பெயரிடாமல் வைத்த முகம்

ஓசூரில் பாகலூர் சாலைமேல் இருக்கும் முனிராஜின் புகைப்பட நிலையத்துக்குப் போய்வருகிறவர்கள், அங்கே கணிப்பொறியில் வேலை செய்யும் சம்பங்கியின் வழக்கத்தை அறிவார்கள். படத்தைக் கையில் வாங்குமுன் அதிலிருப்பவர் பெயரைக் கேட்பான். சொல்லாவிட்டால், எத்தனை அவசரமானாலும், அதைக் கணிப்பொறியில் ஏற்ற மாட்டான். "ஏன்பா, போட்டோ எடுக்க வந்தா ரேஷன் கார்டு ஆபீஸ் மாதிரி கேக்குற?" என்று கேலி பேசுவோர் உண்டு. அவனோ, பெயர் வாயிலிருந்து வரும்வரை விசைப்பலகைமேல் விரல்களை வைத்தபடி காத்திருப்பான்.

இவ்வழக்கம் அவனோடு பிறந்ததன்று. இரண்டாண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது.

சம்பங்கி தொரப்பள்ளிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. தொழிற்பேட்டையின் வாயில்தோறும் ஏறி இறங்கி வேலை கிடைக்காமல், அன்றாடம் பெங்களூருக்குப் பேருந்தில் போய்க் கணிப்பொறி பயின்றான். முனிராஜ் தன் கடையில் ஒரு கணிப்பொறியும், படத்தை அதற்குள் ஏற்றும் ஸ்கேனரும் வாங்கி வைத்தபோது, அவற்றின்முன் உட்காரச் சம்பங்கியை அழைத்துக்கொண்டான். திங்கட்கிழமைதோறும் மலையேறிச் சந்திரசூடேசுவரரைத் தொழுதுவிட்டு, நெற்றி நீறு கலையாமல் வந்து வேலை தொடங்குவான். கிழிந்த படத்தை ஒட்டுவான். பூஞ்சணம் பிடித்த கன்னத்தைத் துடைப்பான். உயிரோடிருந்தவரை ஒருசேர நின்று படமெடுத்துக்கொள்ளாத கணவனையும் மனைவியையும் ஒரே நாற்காலியருகே நிறுத்துவான். இறந்தபின் எடுத்த படங்களும் வரும். அவற்றில் மூடிய கண்களைத் திறந்துவைப்பதில் அவனுக்கு இணை அவ்வட்டாரத்தில் இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் முற்பகலில் கெம்பம்மா வந்தாள். பாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். பரம்பரையாகக் கூலிவேலை செய்த குடும்பம். அவள் கணவன் தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, காய்ச்சலில் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் மடியிலிருந்து எடுத்து நீட்டியது, தொழிற்சாலை வாயிலில் காட்டும் அவனுடைய கேட் பாஸ். எண்ணெயும் வியர்வையும் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துபோன அந்த அட்டையில், மூலையில் ஒட்டிய படம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

"இது ஒண்ணுதாண்ணா இருக்குது. கல்யாணத்துக்கும் படம் எடுக்கல. சாயங்காலத்துக்குள்ள இத காண்ட்ராக்டர்கிட்ட திருப்பிக் குடுக்கணும். அப்பத்தான் பாக்கிக் கூலிக்குக் கையெழுத்துப் போடுவாராம்."

"மெஷின்ல ஏத்திக்கிறேம்மா. பெரிசு பண்ணி எப்ப வேணும்?"

"இப்ப வேணாம். வருசம் திரும்பாம படம் மாட்ட மாட்டோம் எங்கூட்ல. அதுவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்."

சம்பங்கி படத்தை ஏற்றினான். திரையில் அந்த முகம் பெரிதாக விரிந்தது. இடப்புருவத்தில் ஒரு பழைய தழும்பு; சிரிப்பதா வேண்டாவா என்று தயங்கி நின்றுவிட்ட உதடுகள். கெம்பம்மா நிமிர்ந்து பார்த்து உடனே குனிந்துகொண்டாள்.

"பேரு சொல்லும்மா. பேரு போட்டுத்தான் எடுத்து வைக்கணும்."

கட்டியவன் பெயரைச் சொல்லாதவள் அவள். எழுதவும் தெரியாது.

"மலைமேல நிக்கிற சாமி பேருதாண்ணா."

"வெங்கடேசனா?"

"சாமி அவருதாண்ணா. நம்ம பக்கத்துல சொல்ற பேரு வேற."

பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த ஒருவர், "சொல்லித் தொலம்மா, நேரமாவுது. இனிமே சொன்னா மட்டும் அவரு ஆயுசு கொறையவா போவுது?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். கெம்பம்மாவின் முகம் சுண்டியது. அவளை மேலும் வருத்த மனமில்லாமல் சம்பங்கி அப்படியே சேமித்துவைத்தான். பெயரிடாதவற்றுக்குக் கணிப்பொறி தானே 'புதியது' என்று பெயரிட்டு, ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். அட்டையை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த ஆண்டு கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கிரானைட் வியாபாரி வந்தார். மாதத்துக்கொரு கல்லாகப் பன்னிரண்டு கற்களின் படத்தோடு நாட்காட்டி வேண்டும் என்றார். கல்லின் ரேகை ஒவ்வொன்றும் தெரிய வேண்டுமாம். அதற்கென முனிராஜ் படம் திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்பைப் பெங்களூரிலிருந்து குறுந்தகட்டில் வாங்கிவந்தான். அதை ஏற்ற முயன்றபோதெல்லாம், வன்தட்டில் இடமில்லை என்றே கணிப்பொறி சொல்லிற்று.

"என்னப்பா, ஆச்சா? நாளைக்கு கல்லுக்காரரு வந்து நிப்பாரு."

"எடம் பத்தலண்ணா. ஏற மாட்டேங்குது."

"பழச தூக்கிப் போடு. எதுக்கு மூட்ட கட்டி வச்சிருக்க?"

"உங்க கார் ரேஸ் கேம எடுத்தா கொஞ்சம் எடம் வரும்."

"அது கெடந்துட்டுப் போவுது. மனுசன் பொழுது போக வேணாமா? வேற ஏதாச்சும் பாரு."

சம்பங்கி வேறு பார்த்தான். பயன்படாத எழுத்துருக்களை நீக்கினான், போதவில்லை. திருமணப் படங்களையும் கோயில் விழாப் படங்களையும் பெயர் பார்த்துப் பிளாப்பிகளில் ஏற்றிவிட்டு அழித்தான், போதவில்லை. எஞ்சியவை 'புதியது' என்று எண்ணோடு நின்ற கோப்புகள். அவை பெரும்பாலும் அவன் எதையோ சோதித்துப் பார்த்து விட்டவை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் நிறைந்து திணறிய அக்கணிப்பொறியில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு தேநீர் ஆறிவிடும். முனிராஜோ நாற்காலியின் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஒருசேரத் தெரிந்தெடுத்து நீக்கினான்.

நீக்கியவை முதலில் குப்பைத் தொட்டியில் மறைந்து கிடக்கும். தொட்டியையும் காலிசெய்தால்தான் இடம் கிடைக்கும். சம்பங்கி காலிசெய்தான். ஈசனின் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல் என்னும் நான்கினை அக்கருவியில் வைத்தவர்கள் அருளலை மட்டும் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

மென்பொருள் ஏறிற்று. பன்னிரண்டு கற்களும் பளபளவென்று அமைந்தன. வியாபாரி மகிழ்ந்து போனார்.

மழைக்காலம் மீண்டும் வந்தபோது கெம்பம்மாவும் வந்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழம வருசம் வச்சிருக்கோம். படம் போட்டுக் குடுண்ணா. கண்ணாடி சட்டம் சொல்லிட்டேன்."

எந்தப் படம் என்று கேட்க வாயெடுத்தவனுக்கு, அவள் தலைகுனிந்து நின்ற நிலையைக் கண்டதும் நினைவு வந்துவிட்டது. பெயரில்லாத கோப்புகளோடு அதுவும் போயிருந்தது. "மெஷின் ரிப்பேரும்மா. வியாழக்கெழம வாங்க" என்றான். அது பொய் என்று அவனுக்கே கேட்டது.

மறுநாள் வன்தட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டான். மாநில எல்லைச் சோதனைச் சாவடியான ஜூஜுவாடியில் லாரிகள் மைல்கணக்கில் நின்றன. மடியிலிருந்ததைக் குழந்தையைப்போல் அணைத்தபடி, எல்லாத் தெய்வங்களையும் அழைத்தான். பெங்களூரில், அழிந்ததை மீட்கத் தெரிந்தவர் என்று பெயர்பெற்ற ஒருவர், மாலைவரை முயன்றார். இடம் வெறுமனே கிடந்தால் எடுத்துவிடலாம், அதன்மேலேயே வேறொன்றை எழுதிவிட்டீர்களே என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்தார். மேலே எழுதியது எது என்று சம்பங்கிக்குத் தெரியும். அந்தத் தழும்பிருந்த இடத்தில், தயங்கிய உதடுகள் இருந்த இடத்தில், இப்போது கல்.

புதன்கிழமை, பாகலூர்ப் பக்கத்து ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர் யார் என்று விசாரித்து, அவர் அலுவலகத்துக்கு ஓடினான். பழைய பாஸ்களையெல்லாம் சென்ற ஆயுத பூஜைக்குத் துப்புரவு செய்தபோது கொளுத்திவிட்டதாக அங்கிருந்தவர் சொன்னார்.

வியாழக்கிழமை கெம்பம்மா வந்தாள். கையில் கண்ணாடிச் சட்டம், செய்தித்தாளில் சுற்றி. சம்பங்கி எழுந்து நின்றான். நடந்ததைச் சொல்லிவிட நினைத்தான். அவளே முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் பேரு சொல்லல. அதனாலதான கெடைக்கல? ஊர்ல விசாரிச்சேன். பேரு குடுத்தாத்தான் மெஷின்ல தேட முடியும்னாங்க."

"அப்படி இல்லம்மா..."

"இருண்ணா."

அவள் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிறகு, தன் வாழ்நாளில் உச்சரித்திராத ஒன்றைத் துணிக்குள் சொன்னாள்.

"திம்மப்பன்."

சம்பங்கி கேட்டும் அசையாமல் இருந்தான்.

"கேக்கலயா? திம்மப்பன். தேடு. நான் நிக்கிறேன்."

ஒன்றும் கிடைக்காது என்று அறிந்த விரல்கள் அப்பெயரைத் தட்டின. திரையில் ஒரு பூதக்கண்ணாடி வட்டமிட்டுச் சுழன்று தேடிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுழற்சி நின்றது.

"வந்துடுச்சாண்ணா?"

"இல்லம்மா. எடம் பத்தலன்னு நாந்தான் அழிச்சிட்டேன். பேரு இல்லாததயெல்லாம் சேத்து அழிச்சிட்டேன். எங்கெங்கயோ போய்ப் பாத்துட்டேன். திரும்ப வராது."

அவளுக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. சட்டத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளின் மடிப்பை விரலால் நீவிச் சரிசெய்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணா. பேரையும் சொல்ல வச்சிட்டியே."

சட்டத்தை இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் பேருந்து நிற்கும் பக்கமாக நடந்தாள். பின்னாலேயே போகவேண்டும் என்று சம்பங்கி எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பிவந்து மறுபடி உட்கார்ந்தான். தேடும் கட்டத்தில் திம்மப்பன் என்ற பெயர் தட்டியபடியே நின்றது. கடையைச் சாத்தும்வரை அதை அவன் அழிக்கவில்லை.