வெளுத்த தாலிக்குண்டு

ஜெர்மன்காரனோடு சண்டை மூண்ட வருஷம். மலைமேல் குண்டூர் நாட்டுப் பாப்பாயிக்குச் சொறி தீரவில்லை. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த வைத்தியர், பாதரசத்தைக் கட்டிச் செய்த ரசமணி ஒன்றைக் கொடுத்தார். தினமும் அதைப் பாலில் ஊறவைத்துக் குடிக்க வேண்டும். மற்ற நேரம் தாலிக்கயிற்றில் கோத்திருக்க வேண்டும். உப்பு ஆகாது.

சில மாதத்தில் அவள் முகம் உப்பியது. மருமகளுக்குச் சதை பிடித்துவிட்டதென்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். பிறகு காலும் வீங்கியது. விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. சிறுநீர் குறைந்து, நுரைத்து இறங்கியது.

மறுபடி வந்த வைத்தியர், "உப்பைத் தின்னு பத்தியத்தைக் கெடுத்துட்டே" என்றார். மாமியாரும் தலையாட்டினாள்.

பாப்பாயிக்குச் சுள்ளென்று வந்தது. மணியோடு உரசிக்கொண்டு கிடந்த தாலியின் பொன் குண்டைத் தூக்கிக் காட்டினாள். அது பாதரசம் ஏறி வெள்ளி போல வெளுத்திருந்தது.

"கட்டுன ரசம் கசியாதுன்னீங்க. இந்தக் குண்டும் உப்புத் தின்னுச்சுங்களா?"

அவள் மணியை அவிழ்த்துப் பால் சொம்பில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"நீங்க குடிங்க."

"எனக்கென்ன நோவு?"

"எனக்கும் சொறி மட்டுந்தானுங்க இருந்துச்சு."

அவர் பையை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார்.

வீக்கம் வடிய நெடுநாளாயிற்று. குண்டை ஆசாரியிடம் கொடுத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள் மாமியார்.

"வெளுத்தே கெடக்கட்டுங்க அத்தை. அடுத்து மணி கொண்டாரவன் என் மூஞ்சிக்கு முன்னால இதைப் பாக்கட்டும்."